குவிய வலிப்பு: அறிகுறிகளும் நோயறிதலும்

‘காக்காய் வலிப்பு’ என்றதும், ஒருவர் தரையில் விழுந்து, கை கால்கள் வெட்டியிழுக்க, வாயில் நுரை தள்ளும் காட்சியே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. ‘கால்-கை வலிப்பு’ என்னும் பெயரே பேச்சு வழக்கில் இவ்வாறு மருவியது. ஆனால் எல்லா வலிப்புகளிலும் கை கால்கள் இழுப்பதில்லை. சிலர் பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சை நிறுத்திவிட்டு ஓரிடத்தையே வெறித்துப் பார்ப்பார்கள். சிலர் வாயைச் சப்புக்கொட்டியபடி சேலைத் தலைப்பையோ சட்டைப் பொத்தானையோ திருகிக்கொண்டிருப்பார்கள். ஓரிரு நிமிடங்களில் அது அடங்கிவிடும். நடந்தது எதுவும் அவர்களுக்கு நினைவிருக்காது.

இவ்வாறு தோன்றுபவற்றுள் பல, குவிய வலிப்பு என்னும் வகையைச் சேர்ந்தவை. பார்ப்பவர்களுக்கு இவை வலிப்பாகத் தோன்றாததால், மருத்துவரை அணுகுவதற்குள் மாதங்களோ ஆண்டுகளோ கடந்துவிடுவது உண்டு. இந்நோயைக் கண்டறிவதில் பரிசோதனைக் கருவிகளைவிட, நோயாளி உணர்ந்ததும் உடனிருந்தவர் கண்டதுமே முதன்மையான சான்றுகளாகும். எனவே எவற்றைக் கவனிக்க வேண்டும், மருத்துவரிடம் எவற்றைக் கூற வேண்டும், பரிசோதனை முடிவுகளை எவ்வாறு புரிந்துகொள்ள வேண்டும் என்பவற்றை இப்பக்கம் விளக்குகிறது.

குவிய வலிப்பு என்றால் என்ன?

மூளையின் நரம்புச் செல்கள் நுண்ணிய மின்துடிப்புகள் வாயிலாக ஒன்றோடொன்று தொடர்பு கொள்கின்றன. ஏராளமான நரம்புச் செல்கள் ஒரே நேரத்தில் கட்டுப்பாடின்றி மின்துடிப்புகளை வெளியிடும்போது வலிப்பு ஏற்படுகிறது. இது மூளையின் இரு பாதிகளிலும் ஒருங்கே தொடங்கினால் பொது வலிப்பு எனப்படும். மூளையின் ஒரு பாதியில், ஒரு குறிப்பிட்ட இடத்தில் தொடங்கினால் அது குவிய வலிப்பு. மருத்துவரின் குறிப்புச் சீட்டில் இது ‘ஃபோக்கல் சீஷர்’ என்று குறிக்கப்பட்டிருக்கலாம். பழைய மருத்துவ அறிக்கைகளில் ‘பார்ஷியல் சீஷர்’ என்ற பெயரும் காணப்படும்.

குவிய வலிப்புகளை மூன்று நிலைகளில் காணலாம்.

முதலாவது, நினைவு தெளிவாக இருக்கும் நிலை. தமக்கு நேர்வதை நோயாளி முழுவதும் உணர்கிறார். பின்னர் அதை விவரிக்கவும் அவரால் இயலும்.

இரண்டாவது, நினைவு மங்கும் நிலை. கண்கள் திறந்திருக்கும், நோயாளி நிற்கவோ நடக்கவோ கூடச் செய்வார். ஆயினும் பெயர் சொல்லி அழைத்தால் உரிய மறுமொழி தரமாட்டார். இது பெரும்பாலும் அரை நிமிடம் முதல் இரண்டு நிமிடங்கள் வரை நீடிக்கும். அதன்பின் சிறிது நேரம் குழப்பமும் களைப்பும் இருக்கும்.

மூன்றாவது, ஓரிடத்தில் தொடங்கிய மின்துடிப்பு மூளையின் இரு பாதிகளுக்கும் பரவும் நிலை. அப்போது நோயாளி நினைவிழந்து விழுவார். உடல் விறைத்து, கை கால்கள் இழுக்கும். காண்பவர்கள் இந்த இறுதிக் கட்டத்தை மட்டுமே நினைவில் கொள்கிறார்கள். ஆனால் அதற்குச் சில வினாடிகள் முன்பு தோன்றிய சிறு அறிகுறிதான் வலிப்பு எங்கே தொடங்கியது என்பதைக் காட்டுகிறது.

இடத்திற்கேற்ப மாறும் அறிகுறிகள்

மூளையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனிப் பணிகள் உள்ளன. எனவே வலிப்பு தொடங்கும் இடத்தைப் பொறுத்து அறிகுறிகளும் வேறுபடும்.

காதுக்கு மேற்புறம் அமைந்துள்ள பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பு, பெரியவர்களிடம் மிகுதியாகக் காணப்படும் வகையாகும். அடிவயிற்றிலிருந்து ஏதோ மேலெழுந்து நெஞ்சை நோக்கி வருவது போன்ற உணர்வு, காரணமற்ற திடீர் அச்சம், இல்லாத ஒரு தீய்ந்த வாடை, ‘இது முன்பே நடந்திருக்கிறது’ என்னும் எண்ணம் ஆகியவை இதன் தொடக்கமாக இருக்கலாம். தொடர்ந்து வெறித்த பார்வை, சப்புக்கொட்டுதல், விழுங்குதல், துணியை நெருடுதல் போன்ற தன்னையறியாச் செயல்கள் தோன்றும்.

நெற்றி மடலில் தொடங்கும் வலிப்பு பெரும்பாலும் உறக்கத்தில் வரும். சில வினாடிகளே நீடிக்கும். நோயாளி திடீரெனக் கத்தலாம். கால்களை மிதிவண்டி ஓட்டுவது போல அசைக்கலாம். இது கெட்ட கனவு என்றோ நடிப்பு என்றோ தவறாகக் கருதப்படுவதுண்டு.

உச்சிப் பகுதியில் தொடங்கினால் உடலின் ஒரு பக்கத்தில் மதமதப்போ கூச்சமோ தோன்றும். பின்மண்டையை ஒட்டிய பிடரி மடலில் தொடங்கினால் வண்ண வட்டங்களோ ஒளிப்புள்ளிகளோ கண்முன் தெரியும்.

உடல் அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் தொடங்கும் வலிப்பு, கட்டைவிரலிலோ வாயோரத்திலோ சிறு துடிப்பாகத் தோன்றி, பின்னர் கை, தோள், முகம் எனப் படிப்படியாகப் பரவக்கூடும். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து நரம்பியல் மருத்துவர் ஜான் ஹியூலிங்ஸ் ஜாக்சன் இவ்வகையை ஆராய்ந்தார். துடிப்பு பரவும் வரிசையைக் கூர்ந்து நோக்கியே, மூளையில் உடலுறுப்புகளுக்கு உரிய இடங்கள் ஓர் ஒழுங்கில் அமைந்துள்ளன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மனித மூளையின் மின்னலைகள் முதன்முதலாகப் பதிவு செய்யப்பட்டது 1924-இல்தான். அதற்குப் பல்லாண்டுகள் முன்பே, எந்தக் கருவியும் இன்றி, கவனிப்பின் துணையால் மட்டுமே வலிப்பின் இருப்பிடம் அறியப்பட்டது. இன்றும் மருத்துவரின் ஆய்வு இந்தக் கவனிப்பிலிருந்தே தொடங்குகிறது.

ஏன் தவறவிடப்படுகிறது?

பின்வரும் நிகழ்வை எண்ணிப் பாருங்கள். சமையல் செய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணுக்கு வயிற்றைப் புரட்டுவது போன்ற உணர்வும் அச்சமும் எழுகின்றன. கரண்டியைப் பிடித்தபடியே அவர் அசையாமல் நிற்கிறார். உதடுகள் மெல்ல அசைகின்றன. ஒரு நிமிடம் கழித்து, அடுப்பில் இருப்பது என்ன என்பதே அவருக்குப் புரியவில்லை. வயிற்று உணர்வுக்கு வாயுக் கோளாறு எனவும், அச்சத்துக்கு மனக்கவலை எனவும், உதட்டசைவுக்குப் ‘பேய் பிடித்துவிட்டது’ எனவும் வீட்டார் தனித்தனிக் காரணம் கூறக்கூடும். இம்மூன்றும் ஒவ்வொரு முறையும் இதே வரிசையில் வருகின்றன என்பதை யாரேனும் கவனித்தால்தான் உண்மை புலப்படும்.

ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருவதே குவிய வலிப்பின் முக்கிய அடையாளமாகும். திடீரெனத் தொடங்குதல், சில நிமிடங்களுக்குள் அடங்குதல், ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே அறிகுறிகள் தோன்றுதல் ஆகிய மூன்றும் சேர்ந்திருந்தால் மருத்துவரை அணுகுங்கள்.

பள்ளிக் குழந்தைகளிடம் இது கவனக்குறைவு எனவும், முதியோரிடம் மறதி நோய் எனவும் கருதப்படலாம். திருமண வாய்ப்பு பாதிக்கப்படும் என்ற அச்சத்தால் மருத்துவரிடம்கூட இதை மறைக்கும் குடும்பங்கள் உள்ளன. வலிப்பு நோய் மூளை சார்ந்த ஓர் உடல்நோய். அது சாபமோ மனநோயோ தொற்றுநோயோ அன்று. இந்து திருமணச் சட்டத்தில் திருமணத்திற்குத் தடையாகக் குறிப்பிடப்பட்டிருந்த வலிப்பு நோய், 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் நீக்கப்பட்டுவிட்டது.

அதே வேளையில், வலிப்பு போலத் தோன்றும் எல்லாமே வலிப்பு அல்ல. நெடுநேரம் நின்றிருக்கும்போது கண்கள் இருண்டு, வியர்த்து, முகம் வெளிறி விழுவது பெரும்பாலும் சாதாரண மயக்கமே. மயக்கத்திலும் கை கால்கள் சில வினாடிகள் உதறலாம். ஆனால் படுத்தவுடன் நினைவு விரைவில் தெளிந்துவிடும். ஒற்றைத் தலைவலிக்கு முன் தோன்றும் பார்வைக் கோளாறு பல நிமிடங்கள் மெல்லப் பரவும். வலிப்பினால் வரும் பார்வைக் கோளாறோ வினாடிக் கணக்கில் தோன்றி மறையும். இதயத் துடிப்புக் கோளாறு, இரத்தச் சர்க்கரைக் குறைவு, தற்காலிக மூளை இரத்த ஓட்டத் தடை, அச்சத் தாக்கு ஆகியவையும் வலிப்பை ஒத்திருக்கலாம். மன அழுத்தத்தோடு தொடர்புடைய, மூளை மின்துடிப்புக் கோளாறு இல்லாத தாக்குகளும் உண்டு. இவையும் நடிப்பு அல்ல. இவற்றுக்கெனத் தனிச் சிகிச்சை உள்ளது. வலிப்பு மருந்துகள் இவற்றுக்குப் பயன்படா.

காரணங்கள் யாவை?

மூளையில் உள்ள ஏதேனும் ஒரு தழும்போ மாற்றமோ குவிய வலிப்பின் தொடக்க இடமாக அமையலாம். தலைக்காயம், பக்கவாதம், மூளைக் கட்டி, பிறவியிலேயே அமைந்த மூளைப் புறணிக் குறைபாடு, மூளைக் காய்ச்சல், பிறப்பின்போது ஏற்பட்ட ஆக்சிஜன் குறைவு ஆகியவை அவற்றுள் சில.

நம் நாட்டில் சிறப்பாகக் குறிப்பிட வேண்டியது, பன்றி நாடாப்புழுவின் இளநிலை மூளையில் தங்குவதால் ஏற்படும் நோய். பன்றி இறைச்சி உண்போருக்கு மட்டுமே இது வரும் என்பது தவறான எண்ணம். நாடாப்புழுத் தொற்று உள்ள ஒருவரின் மலத்திலிருந்து வெளியேறும் முட்டைகள், மாசடைந்த நீர், கழுவப்படாத காய்கறிகள், தூய்மையற்ற கைகள் ஆகியவற்றின் வழியே எவரது உடலுக்குள்ளும் செல்லக்கூடும். சைவ உணவு உண்போரும் இதற்கு விலக்கல்லர். மூளைக் காசநோய்க் கட்டிகளும் குவிய வலிப்பை உண்டாக்கும்.

தென்னிந்தியாவில், குறிப்பாகக் கர்நாடகத்தில், தலையில் வெந்நீர் ஊற்றிக் குளிக்கும்போது மட்டும் வரும் ஒருவகை வலிப்பும் அறியப்பட்டுள்ளது. குளியலறையில் நேர்வதைக் குளித்த அயர்ச்சி என்றோ நீர்ச்சூட்டினால் வந்த மயக்கம் என்றோ எண்ணிவிடுவது எளிது. ‘எப்போது, என்ன செய்துகொண்டிருக்கும்போது வருகிறது?’ என்னும் கேள்விக்குத் தெளிவான விடை கிடைத்தால் இதைக் கண்டறிய இயலும். பலருக்கோ எந்தக் காரணமும் புலப்படுவதில்லை. அவர்களுக்கும் சிகிச்சை பயனளிக்கும்.

நோயறிதல்: முதற்படி உங்கள் விவரிப்பே

நோயாளி மருத்துவரிடம் வரும்போது பெரும்பாலும் வலிப்பு இருப்பதில்லை. எனவே நடந்ததை மருத்துவர் உங்கள் சொற்களின் வழியாகவே காண்கிறார். தாக்கு வரும்போது உடனிருந்தவர் அவசியம் உடன் செல்ல வேண்டும். அவரால் இயலாவிட்டால் தொலைபேசியிலாவது மருத்துவரிடம் பேசச் செய்யுங்கள். பின்வருவனவற்றைக் குறித்து வைத்துக்கொள்வது நல்லது.

• தாக்கு தொடங்குவதற்கு முன் நோயாளி என்ன செய்துகொண்டிருந்தார்? உறக்கக் குறைவு, காய்ச்சல், மது, மருந்து தவறியது முதலியவை இருந்தனவா?
• முதலில் தோன்றிய உணர்வு அல்லது அசைவு எது?
• கண்கள் திறந்திருந்தனவா? தலையும் கண்களும் எந்தப் பக்கம் திரும்பின?
• இழுப்பு எந்தக் கையில் அல்லது காலில் தொடங்கியது? எவ்வாறு பரவியது?
• அழைத்தபோது மறுமொழி கூறினாரா? சொன்னதைப் பின்னர் நினைவுகூர்ந்தாரா?
• கடிகாரப்படி எவ்வளவு நேரம் நீடித்தது?
• நாக்கைக் கடித்துக்கொண்டாரா? சிறுநீர் பிரிந்ததா?
• அடங்கியபின் குழப்பம், பேச்சுத் தடுமாற்றம், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இருந்தனவா? எவ்வளவு நேரத்தில் சரியாயிற்று?

இயன்றால் கைப்பேசியில் காணொளி எடுங்கள். முதலில் நோயாளியின் பாதுகாப்பை உறுதிசெய்துவிட்டு, முகமும் கை கால்களும் தெரியும்படி, தாக்கு அடங்கி நினைவு தெளியும் வரை பதிவு செய்யுங்கள். இடையில் அவர் பெயரைச் சொல்லி அழையுங்கள். கையை உயர்த்தும்படி கூறுங்கள். அவரது மறுமொழி, நினைவு மங்கியிருந்ததா என்பதை மருத்துவர் அறிய உதவும். இப்பதிவை மருத்துவரிடம் மட்டுமே காட்டுங்கள், பிறருக்கு அனுப்பாதீர்கள்.

மூளை மின்னலைப் பதிவு

ஈ.ஈ.ஜி. எனப்படும் இப்பரிசோதனையில், தலையின் மேல் சிறு உலோக வட்டுகளை ஒட்டி மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்கிறார்கள். பலரும் அஞ்சுவது போல இதில் மின்சாரம் எதுவும் தலைக்குள் செலுத்தப்படுவதில்லை, வலியும் இராது. வழக்கமான பதிவு ஏறத்தாழ அரைமணி நேரம் நடைபெறும். முன்னதாகத் தலைக்குக் குளித்து, எண்ணெய் தடவாமல் செல்லுங்கள். வேகமாக மூச்சு விடும்படியோ மின்னும் விளக்கைப் பார்க்கும்படியோ கூறுவார்கள். முந்தைய இரவு குறைவாக உறங்கிவிட்டு வரும்படியும் சிலருக்குக் கூறப்படலாம். மருத்துவர் சொல்லாமல் மாத்திரைகளை நிறுத்தக் கூடாது.

இப்பரிசோதனையின் எல்லையை அறிந்திருப்பது மிகவும் தேவை. வலிப்பு நோய் உறுதியாக உள்ளவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கோ அதற்கு மேற்பட்டவர்களுக்கோ முதல் பதிவு இயல்பாகவே இருக்கக்கூடும். மூளையின் ஆழத்தில் எழும் மின்துடிப்பு தலையின் மேற்பரப்பை எட்டாமலும் போகலாம். எனவே ‘ஈ.ஈ.ஜி. நார்மல்’ என்பதற்கு ‘வலிப்பு இல்லை’ என்பது பொருளன்று. அதுபோல, பதிவில் சிறு மாறுதல் காணப்படுவதால் மட்டுமே ஒருவருக்கு வலிப்பு நோய் உள்ளது என்று முடிவு செய்யவும் இயலாது.

ஐயம் நீடித்தால் உறக்கநிலைப் பதிவோ, மருத்துவமனையில் தங்கி நாள்கணக்கில் காணொளியுடன் எடுக்கும் தொடர் பதிவோ பரிந்துரைக்கப்படும். தாக்கு வரும் அதே வேளையில் மூளையின் மின்னலையையும் உடலசைவையும் ஒருங்கே காண இது உதவுகிறது.

ஸ்கேனும் பிற பரிசோதனைகளும்

மூளையில் தழும்பு, கட்டி, பழைய பக்கவாதம், புழுக்கட்டி முதலியவை உள்ளனவா என அறிய எம்.ஆர்.ஐ. ஸ்கேன் சிறந்தது. வலிப்பு நோய்க்கென வகுக்கப்பட்ட முறையில் எடுத்தால், பொட்டு மடலின் உட்புறத்தில் உள்ள மிகச் சிறிய தழும்புகளும் தெரியவரும். ஆகவே மருத்துவர் எழுதித் தரும் வேண்டுகைச் சீட்டை ஸ்கேன் மையத்தில் தவறாமல் காட்டுங்கள். அவசர நிலையில் சி.டி. ஸ்கேன் விரைவாக எடுக்கப்படும். ஆனால் நுண்ணிய மாற்றங்கள் அதில் புலப்படாமல் போகலாம். உடலில் இதய முடுக்கிக் கருவியோ உலோகப் பொருளோ பொருத்தப்பட்டிருந்தால் முன்கூட்டியே தெரிவியுங்கள்.

இரத்தச் சர்க்கரை, சோடியம், கால்சியம் ஆகியவற்றின் அளவுகளும் பார்க்கப்படும். மயக்கத்தோடு வருவோருக்கு இதயக் கோளாறு இல்லை என்பதை உறுதிசெய்ய ஈ.சி.ஜி. எடுக்கப்படும்.

வலிப்பு நோய் என எப்போது முடிவு செய்யப்படுகிறது?

ஒருமுறை வலிப்பு வந்தாலே அது வலிப்பு நோய் ஆகிவிடாது. காய்ச்சல், சர்க்கரைக் குறைவு போன்ற உடனடிக் காரணம் இல்லாமல், 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் இருமுறை வலிப்பு வந்தால் வலிப்பு நோய் என முடிவு செய்யப்படுகிறது. ஒருமுறை மட்டுமே வந்திருந்தாலும், ஸ்கேனோ மின்னலைப் பதிவோ மீண்டும் வருவதற்கான வாய்ப்பு மிகுதி எனக் காட்டினால் அப்போதும் இம்முடிவு எடுக்கப்படலாம்.

வலிப்பின் வகையைச் சரியாக அறிவது சிகிச்சைக்கு இன்றியமையாதது. குவிய வலிப்புக்கு நன்கு பயன்படும் கார்பமசெபைன் என்னும் மருந்து, சில பொது வலிப்புகளை மோசமாக்கக்கூடும். கருவுறும் வயதுப் பெண்களுக்குக் கருவைப் பாதிக்கக்கூடிய மருந்துகளைத் தவிர்த்துத் தேர்வு செய்ய வேண்டும். உரிய நோயறிதலும் சிகிச்சையும் கிடைத்தால், வலிப்பு நோய் உள்ளவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ இயலும் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. தகுந்த இரு மருந்துகளை உரிய அளவில் உட்கொண்டும் வலிப்பு அடங்காவிட்டால், அறுவைச் சிகிச்சை பொருந்துமா என ஆராய உயர்நிலை மருத்துவமனைக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

தாக்கு வரும்போது செய்ய வேண்டியவை

நினைவு மங்கிய நிலையில் இருப்பவரை இறுகப் பிடிக்கவோ அதட்டவோ வேண்டாம். பிடித்தால் அவர் தன்னையறியாமல் எதிர்க்கக்கூடும். அடுப்பு, மாடிப்படி, சாலை, கிணறு ஆகியவற்றிலிருந்து மெல்ல விலக்கி அழைத்துச் செல்லுங்கள். முழு நினைவு திரும்பும் வரை உடனிருங்கள்.

கீழே விழுந்து கை கால்கள் இழுத்தால், தலைக்கு அடியில் மென்மையான துணியை வையுங்கள். கழுத்தை இறுக்கும் ஆடையைத் தளர்த்துங்கள். இழுப்பு தணிந்ததும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கையில் இரும்புச் சாவியைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது; அது காயத்தையே உண்டாக்கும். வாயில் கரண்டி, துணி, விரல், தண்ணீர், மாத்திரை என எதையும் வைக்காதீர்கள்.

வலிப்பு 5 நிமிடங்களுக்கு மேல் நீடித்தாலோ, நினைவு திரும்பும் முன் மீண்டும் வந்தாலோ, மூச்சு விடுவதில் சிரமம் இருந்தாலோ, காயம் பட்டாலோ, நோயாளி கர்ப்பிணியாகவோ நீரிழிவு நோயாளியாகவோ இருந்தாலோ, வாழ்வில் முதன்முறையாக வந்திருந்தாலோ உடனே 108 ஆம்புலன்சை அழையுங்கள்.

முடிவு தெரியும் வரை பாதுகாப்பு

பரிசோதனைகள் நடந்துகொண்டிருக்கும் நாள்களிலும் கவனம் தேவை. வாகனம் ஓட்டுதல், தனியே நீந்துதல், கிணற்றிலோ ஆற்றிலோ தனியே குளித்தல், உயரத்தில் ஏறி வேலை செய்தல் ஆகியவற்றைத் தவிர்க்கவும். ஓட்டுநர் உரிமத்திற்கான உடல்தகுதிப் படிவத்தில் வலிப்பு நோய் குறித்துக் கேட்கப்படுகிறது. அதற்கு உண்மையான விடையையே அளிக்க வேண்டும். குளியலறைக் கதவை உட்புறம் தாழிட வேண்டாம். சமைக்கும்போது வீட்டில் ஒருவர் அருகில் இருப்பது நல்லது. உறக்கத்தைக் குறைக்காதீர்கள்; மருந்து தொடங்கப்பட்டிருந்தால் ஒரு வேளைகூடத் தவறவிடாதீர்கள்.

மருத்துவரைக் காணச் செல்லும் நாளில், தாக்குகளின் நாளும் நேரமும் குறித்த ஏடு, கைப்பேசிக் காணொளி, முன்பு எடுத்த ஸ்கேன் மற்றும் மின்னலைப் பதிவுகள், தற்போது உட்கொள்ளும் எல்லா மருந்துகளின் சீட்டுகள் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நேரில் கண்டவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.

இத்தகவல் பொது விழிப்புணர்வுக்காக வழங்கப்படுகிறது. மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு இது மாற்றாகாது.